றோஸி கொத்திய சுவர்

கொட்டாஞ்சேனையில் றோஸியிடம் வாய்கொடுத்து வென்றவர்கள் குறைவு. தண்ணீர் வராத நாளொன்றில் வெறும் வாளிகளை நடு ரோட்டில் அடுக்கி பஸ்ஸை மறித்தவள். ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் மர்ஸூக், வீட்டைத் திருத்திப் பழையபடியே தருகிறேன், கொஞ்ச நாள் ஒழித்துத் தாருங்கள் என்று கேட்டபோது, மறுபேச்சில்லாமல் அந்தோனியார் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு கிருலப்பனைக்குத் தங்கை வீட்டுக்குப் போனாள்.

அந்தோனியார் திருநாளன்று காலை திரும்பி வந்தவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். வெள்ளைவெளேர் என்றிருந்த தெருச்சுவரில் அந்தோனியாரின் மாடத்தைக் காணோம். அடைத்துப் பூசியிருந்தார்கள். மாடத்தில் விளக்கு எரியும் வீடுகளுக்கு முன்னால்தான் பவனியில் தோளில் சுமந்து வரும் சொரூபக் கூடு நின்று போகும். இன்று மாலை இந்த வீட்டை அது திரும்பியும் பார்க்காது.

வேலைக்குப் பொறுப்பான நிலூஷா பழைய படமொன்றைக் காட்டினாள். நூறு வருசத்துக்கு முந்திய படம். அதில் சுவர் மட்டமாக இருந்தது. பிறகு சேர்ந்ததை எடுத்தால்தான் அசல் வரும் என்று பொறுமையாக விளக்கினாள்.

எண்பத்துமூன்று கலவரத்தில் எரிந்து விழுந்த சுவர் அது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த பேதுரு, றோஸியின் புருசன், கருகிய கற்களையே பொறுக்கித் திரும்பக் கட்டினான். நடுவில் ஒரு மாடம் விட்டான். அதைக் கண்ட பிறகுதான் அகதி முகாமிலிருந்து வந்த றோஸி வாசற்படி ஏறினாள். பேதுரு இப்போது மாதம்பிட்டி மயானத்து மண்ணில்.

படத்தை றோஸி திருப்பிக் கொடுத்தாள்.

“இது யாருடைய பழசு மகள்? இதில நானும் இல்லை, எங்கட வீட்டை எரிச்சவனும் இல்லை. ஒண்டுமே நடக்காத வீடு எனக்கெதுக்கு?”

“அன்ரி, பூச்சு இன்னும் காயேல்லை. தட்டினா சுவரெல்லாம் வெடிச்சிடும்.”

“வெடிக்கட்டும். அதுவும் இந்த வீட்டுக்கு நடந்ததா இருக்கட்டும்.”

றோஸி காய்ச்சலில் படுத்தால் அந்த விளக்குக்கு எண்ணெய் வாங்கி அனுப்பியவர் மர்ஸூக்கின் வாப்பா. அது மர்ஸூக்குக்கு நினைவில்லாமல் இல்லை. இருந்தாலும், சத்தம் கேட்டு வந்து நின்றவர், குடியிருப்பவர்கள் சுவரை உடைக்கக் கூடாது என்பதுதானே வாடகைக்குக் கொடுத்தபோது பேச்சு என்று மெல்ல இழுத்தார்.

“அப்ப என்னை வெளிய போடுங்க தம்பி. கூடு போன பிறகு போடுங்க.”

சொல்லிக்கொண்டே கொத்துவேலைக்காரர் விட்டுப்போன சுத்தியலை எடுத்தாள். முதல் அடியிலேயே வெள்ளை உதிர்ந்தது. உள்ளே கருகிய கல் தெரிந்தது. நிலூஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. மாடம் முன்பிருந்ததைவிடப் பெரிதாக, கோணலாகத் திறந்தது. ஓரத்தைப் பூசித் தரவா என்று மர்ஸூக் கேட்டதற்கு வேண்டாம் என்றாள். அந்தோனியாரை உள்ளே வைத்து விளக்கேற்றினாள்.

மாலையில் கூடு சுமந்து வந்தவர்கள் இடிபாட்டையும் தூசியையும் கண்டு தயங்கினார்கள். தாண்டிப் போய்விடலாம் என்று முன்னால் நின்றவன் கைகாட்டினான். றோஸி சேலையில் ஒட்டிய சுண்ணாம்போடு இறங்கி, பஸ்ஸை மறித்த அதே இடத்தில் போய் நின்றாள்.

கூடு நின்றது.