பூட்டிய கழிப்பறையின் போட்டோ

இன்று மாலை புதுவயல் அரசுப் பள்ளிக்கு அக்கா மகளைக் கூட்டிவரப் போனேன். ஏழாம் வகுப்பு. காலையில் கொடுத்துவிட்ட தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது.

"ஏன்டி குடிக்கல?"

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்ல மாமா. கக்கூஸ் பூட்டியிருக்கு."

போய்ப் பார்த்தேன். துப்புரவு வேலை செய்யும் மேரி அக்கா கதவைத் திறந்து, உள்ளே போட்டோ எடுத்துவிட்டு மறுபடி பூட்டினார்.

"என்னக்கா இது?"

"துப்புரவு காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனிக்காரக சொன்னது தம்பி. காலையில கழுவிட்டு இன்னும் ரெண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடணும். சாயங்காலம் சுத்தமா போட்டோ அனுப்பலைன்னா வேலையை விட்டுத் தூக்கிருவாக. புள்ளைக போனா சுத்தமா இருக்குமா?"

"பெரிய டீச்சர்ட்ட சொல்லலையா?"

"சொன்னேன். காண்ட்ராக்ட் விட்டாச்சு, எங்க கையில இல்லைன்னுட்டாக."

பேசிக்கொண்டிருக்கும்போதே மேரி அக்கா போனில் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பச்சை டிக். 'மிக நன்று.'

அக்கா மகள் கையை இழுத்தாள். "மாமா, வேகமா வீட்டுக்குப் போவோம்."

அடுத்த மாதத்திலிருந்து வகுப்பறைகளைச் சுத்தம் செய்வதும் அதே கம்பெனிதானாம். அப்போது பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.