உதவித்தொகைக்கு வீடு பார்க்க வந்தார்கள்

நான் அதிகம் பேசாதவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் பல வருடமாகத் தட்டு கழுவுகிறேன். பரிமாறும் பக்கம் வரச்சொல்லி இரண்டு தடவை கேட்டார்கள். நான் போகவில்லை. அங்கே நின்றால் ஆட்களோடு பேச வேண்டும். கழுவுகிற இடத்தில் தண்ணீர்ச் சத்தம். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எனக்கு அதுதான் வசதி.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி மகளைத்தான் வளர்த்தேன். அவள் அம்மா காய்ச்சலில் போனாள். தம்பி ரோட்டில் லாரி இடித்துப் போனான். அப்போது அவளுக்கு ஏழு வயது. சேரப்பணஞ்சேரியில் வரிசையாக எட்டு வீடு இருக்கும் ஒரு லைனில் கடைசி வீடு எங்களுடையது. ஒரே அறை, ஒரு ஓரத்தில் அடுப்பு.

அவள் பன்னிரண்டாவது முடித்து, கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் இடமும் வாங்கிவிட்டாள். படித்தது மாதா கோயிலைச் சேர்ந்த பள்ளி என்பதால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சலுகை கிடைக்கவில்லை. மாதக் கடைசிக்குள் பீஸ் கட்டாவிட்டால் இடம் போய்விடும். செல்போன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறவர் அவள் பெயரை ஏற்கெனவே எழுதிக்கொண்டு போயிருந்தார். காலையில் வேன் வரும், ஏறிக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் லைனில் பாதிப் பெண்பிள்ளைகள் அந்த வேனில்தான் போகிறார்கள். அது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் இவள் வேறு கணக்கில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர் ஓர் அறிவிப்பு படித்தார். சிறுபான்மைப் பிள்ளைகள் அறிவியலோ இன்ஜினியரிங்கோ படித்தால், நான்கு வருடத்துக்கும் ஓர் அறக்கட்டளை உதவித்தொகை கொடுக்கிறது என்று. கிறிஸ்தவப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லோருக்கும் உண்டு. இவள் அன்றைக்கே போனில் விண்ணப்பம் போட்டாள். பத்து நாள் கழித்து அங்கிருந்து கூப்பிட்டார்கள். மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து, பிள்ளையைப் பார்த்துப் பேசிவிட்டு முடிவு சொல்வார்களாம்.

இதைக் கேட்டதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் போனேன். அவள் வீட்டுக்காரர் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவளுக்கு வாய் ஜாஸ்தி, மனசும் ஜாஸ்தி. வந்து எங்கள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இன்னாக்கா, பெரியவங்கோ வர்றாங்கோ, வூடு இப்பிடியா கெடக்கும்? பாத்தா, படிக்க வெக்க துப்பில்லாத வூடுன்னு பூடுவாங்கோ."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. கையில் ஒன்றும் இல்லாதவளை நம்பி யார் கொடுப்பார்கள்? தம்பி மகள் மட்டும், கஷ்டப்படுகிறவர்களுக்குத்தான் கொடுப்பார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி அவளை, புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டாள்.

வெளியாட்கள் ஒரு பெண்ணைப் பார்க்க வீட்டுக்கு வருவது என்றால் எங்களுக்கு ஒரே ஒரு வகைதான் தெரியும். அதையே செய்தோம். முதல் வீட்டிலிருந்து நான்கு நாற்காலி வந்தது. மாடியில் இருந்த ஒடிசாக்காரர்கள் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து, இணைப்பும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு மிக்சி, ஸ்டாண்ட் ஃபேன், பூப்போட்ட திரைச்சீலை எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தன. ஒன்று மட்டும் வெளியே போனது. அது இவள் படிக்கிற மேசை. கம்பெனிக்கு மிஷின் ஏற்றி வருகிற பேலட் கட்டைகளைக் கழித்துப் போடுவார்கள். அதை வாங்கி வந்து பக்கத்து வீட்டுக்காரர் ஆணியடித்துக் கொடுத்தது. பலகையில் ஏதோ வெளிநாட்டு எழுத்து கறுப்பு மையில் அச்சடித்திருக்கும். ஒரு கால் குட்டை. பார்க்க லட்சணமாக இல்லை என்று குளியலறைக்குப் பின்னால் கொண்டுபோய், மேலே சாக்கு போட்டு மூடினேன்.

காலையில் கேசரி கிண்டினேன், வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். இவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி தன் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டாள். தலையில் இரண்டு முழம் மல்லி. கழுத்தில் தன் தங்கச் சங்கிலியையும் கழற்றிப் போட்டாள். இவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டிறங்கி, ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். இரண்டு பேர். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஓர் அம்மா, சாதாரணக் கைத்தறிப் புடவை. கூட ஒரு தம்பி, கையில் டேப்லெட். உள்ளே நுழைந்ததும் அந்த அம்மா ஒரு நொடி நின்றுவிட்டார். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்திருப்பார். அதற்குள் இவள் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு, புடவை தடுக்க நடந்து வந்தாள். எல்லாம் பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக்கொடுத்தபடி. அவள் வாசற்படியில் நின்று, குனிந்து கொடு என்று கையால் ஜாடை காட்டினாள்.

அந்த அம்மா தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, இவளை எதிரே உட்காரச் சொன்னார். எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டார்.

இவள் சொன்னது எனக்கே புதிது. எங்கள் கேன்டீனில் தட்டு கழுவும் மிஷின் ஒன்று வைத்தார்கள். தட்டுகள் பெல்ட்டில் நகர்ந்து உள்ளே போகும். அடிக்கடி நின்றுவிடும், சூப்பர்வைசர் எங்களைத்தான் திட்டுவார். ஒரு நாள் எனக்கு மாத்திரை கொடுக்க வந்தவள், அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தட்டு வருகிறதா என்று பார்க்கிற கண் ஒன்று அதில் இருக்கிறதாம். அதில் ஆவி படிந்து, இல்லாத தட்டை இருப்பதாக நினைத்து மிஷின் நிற்கிறதாம். அந்தக் கண்ணை ஒரு சாண் தள்ளி வைத்தால் போதுமாம். இதைச் சொல்லும்போது பட்டுப்புடவை கட்டியதையே மறந்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அந்த அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இவ்வளவு நாள் அந்த மிஷினுக்கு முன்னால் நின்று திட்டு வாங்கியவள் நான். இவள் எனக்காக அதை உற்றுப் பார்த்திருக்கிறாள்.

பிறகு அந்தத் தம்பி பட்டியல் கேட்டார். டிவி உண்டா, மிக்சி உண்டா, நகை உண்டா என்று. கேட்கவே தேவையில்லை, எல்லாம் கண் முன்னால் இருந்தது. அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் குறித்தார். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கு அவமானம், சங்கிலி கொடுத்தவளுக்கும் அவமானம். அதனால் இவள் வாயைத் திறக்கவில்லை.

அந்த அம்மா எழுந்தார். இவள் கெட்டிக்காரப் பிள்ளை என்றும், எப்படியும் முன்னுக்கு வருவாள் என்றும் சொன்னார். ஆனால் இதைவிடக் கஷ்டத்தில் நிறையப் பிள்ளைகள் இருப்பதால் முதலில் அவர்களுக்குத்தான் கொடுக்க முடியும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது.

எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு நாள் இதேபோல இரவல் சங்கிலி போட்டு உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சங்கிலியைத் தூக்கிப் பார்த்து, இது யாருடையது என்று என்னைத்தான் கேட்டார். மறுபடி கேட்டார். நான் தரையைப் பார்த்தபடியே இருந்தேன். ஊமைப் பெண்ணை ஏமாற்றிக் கட்டப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சங்கிலி பெரியம்மாவுடையது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன்.

உதவித்தொகைக்கு வந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நான் போய் இவள் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றினேன். கொக்கி சீக்கிரம் வரவில்லை. கழற்றியதை வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்தேன்.

"மேடம், இது எங்களுது இல்லீங்க," என்றேன். "டிவியும் இல்ல, மிக்சியும் இல்ல, நீங்க ஒக்காந்த சேரும் இல்ல. ஏமாத்தணும்னு வெக்கல. பொண்ணப் பாக்க ஆளு வந்தா இப்பிடித்தான் வெப்போம். எங்களுக்கு வேற வகை தெரியாதுங்க. நான் தட்டு கழுவுறேன். இது படிக்கணும்."

ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பக்கத்து வீட்டுக்காரிதான் ஆரம்பித்தாள்.

"ஆமா மேடம், மிக்சி என்னுது. பொடவையும் என்னுது. ஃபேனு போறச்சொல்லோ எட்த்துக்கினு பூடுவேன். கேசரி மட்டுந்தான் அக்கா வூட்டுது, தகிரியமா துன்னுங்கோ."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து, இந்தத் தடவை பாயில் உட்கார்ந்தார். குறித்ததையெல்லாம் அழிக்கச் சொன்னார். பிறகு, உங்களுடையது என்ன இருக்கிறது என்று கேட்டார். அடுப்பு, இரண்டு பாய், டிரங்குப் பெட்டி என்று சொன்னேன். பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும் என்று கேட்டார். இவள் சட்டென்று எழுந்து, குளியலறைக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

சாக்கை எடுத்ததும் அந்த அம்மா பலகையின் மேல் கைவைத்துப் பார்த்தார். பலகை முழுக்க இவள் பென்சிலால் கணக்குப் போட்டு, அழித்து, அதன் மேலேயே போட்டிருந்தாள். வெளிநாட்டு எழுத்துக்கு நடுவிலும் கணக்கு. அவர் ஒரு வரியை விரலால் தொட்டு ஏதோ கேட்டார். இவள் பதில் சொன்னாள். இரண்டு பேரும் வெயிலில் நின்று வெகுநேரம் பேசினார்கள். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. புரியாமலே கேட்டுக்கொண்டு நின்றேன்.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது உதவித்தொகை உறுதி என்று போன் வந்தது. பேலட் மேசையை நானே உள்ளே இழுத்து வந்து போட்டேன்.

இப்போது அவள் மூன்றாம் வருடம். போன விடுமுறையில் எங்கள் கம்பெனியிலேயே பயிற்சிக்கு வந்தாள். மதியம் கேன்டீனில் தலையில் ஹெல்மெட்டோடு சாப்பிட்டுவிட்டு, தட்டைப் பெல்ட்டில் வைக்காமல் நேராக என்னிடம் கொண்டுவந்தாள். யார் அது என்று சூப்பர்வைசர் கேட்டார். என் தம்பி மகள், இன்ஜினியருக்குப் படிக்கிறாள் என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே அவருக்குக் கேட்கும்படி சொன்னேன். அவள் சொன்னபடி அந்த மிஷினின் கண்ணையும் தள்ளி வைத்தார்கள். இப்போது அடிக்கடி நிற்பதில்லை.

போன மாதம் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். மணிமங்கலம் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண்பிள்ளை, பி.எஸ்சி. இயற்பியல், வீடு பார்க்கக் கூட வரமுடியுமா என்று. இரவல் பொருள் தன் கண்ணுக்குத் தெரிவதில்லையாம், எனக்குத் தெரியுமாம். கேலியாகத்தான் சொன்னார், ஆனாலும் லீவு போட்டுப் போனேன்.

சின்ன வீடு. பெரிய பிரிட்ஜ் ஒன்று பளபளவென்று நின்றது. அதன் ஒயர் எட்டுகிற தூரத்தில் பிளக் பாயின்ட் இல்லை. நான் டம்ளர் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் சமையல் பக்கம் போனேன். பிள்ளையின் அம்மா டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"யம்மா, பிரிட்ஜ் யாரு வூட்டுது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "நாத்தனார் வூட்டுதுக்கா, காலீல ஆட்டோல ஏத்தினு வந்தோம்," என்றார்.

"சொல்லிடும்மா," என்றேன். "நான் பக்கத்துல நிக்கிறேன்."