பார்த்தவள் வெளியே நின்றாள்

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் அவருக்கு மிளகாய் சிஸ்டர் என்று பெயர். அவர் காதுபடவே சொல்வோம், கண்டுகொள்ள மாட்டார். மயங்கி விழுந்தவர்களைப் படுக்க வைத்து, காலை உயர்த்தி, ரத்த அழுத்தம் பார்ப்பதில் இருபத்தொரு வருடம் போய்விட்டது. அதே இருபத்தொரு வருடமாக வாசலில் உள்ள ஒரு விதியோடும் மல்லுக்கட்டுகிறார். நோயாளியோடு ஒருவர்தான் உள்ளே வரலாம். அந்த ஒரே பாஸ் எப்போதும் சொந்தக்காரருக்குப் போகும். விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் வெயிலில் நிற்பார்.

"மயங்கினவங்களுக்கு என்ன தெரியும்? அவங்கதான் மயங்கிட்டாங்களே. பார்த்தவங்களை விடுங்க" என்று ஏழு மனு கொடுத்தார். ஏழும் கிணற்றில் போட்ட கல்.

அன்று தையல் கம்பெனியில் மயங்கி விழுந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முப்பத்து நாலு வயது இருக்கும். வரும்போதே தெளிந்துவிட்டாள், வீட்டுக்குப் போகணும் என்று ஒரே பிடிவாதம். தகவல் தெரிந்து எங்கிருந்தோ ஓடிவந்த புருஷன் கழுத்தில் பாஸ் தொங்கியது.

"காலையில சாப்பிட்டிருக்க மாட்டா டாக்டர். எப்பவும் இப்படித்தான்."

சர்க்கரை சரியாக இருந்தது. அழுத்தமும் அப்படியே. இ.சி.ஜி. எடுப்பது என் வேலை. நான் எடுத்த தாளிலும் கோளாறு இல்லை. வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் எழுதினார். நானும் வயர்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"விழுறப்ப நின்னுட்டு இருந்தாளா, உக்காந்திருந்தாளா?" என்று சிஸ்டர் புருஷனைக் கேட்டார். "நான் அப்ப அங்க இல்லையே சிஸ்டர்" என்றார் அவர். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

சிஸ்டர் விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். உடம்பெல்லாம் நூல் ஒட்டிய ஒருத்தி சுவரோரம் நின்றிருந்தாள். பக்கத்து மெஷினில் தைப்பவள்.

"ரெண்டாவது ஆளுக்குப் பாஸ் கிடையாது சிஸ்டர்" என்றார் வாட்ச்மேன்.

சிஸ்டர் தன் அடையாள அட்டையைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினார். "இப்ப இருக்கு. என்னை வேணா வெளிய நிறுத்திக்கோங்க."

உள்ளே வந்தவள் கடகடவென்று சொன்னாள். "உக்காந்து தைச்சுட்டே பேசிட்டிருந்தா. பாதிப் பேச்சுல அப்படியே சாஞ்சுட்டா. இது மூணாவது தடவை டாக்டர். வேலையை விட்டு அனுப்பிடுவாங்க, யார்கிட்டயும் சொல்லாதேன்னு கெஞ்சினா."

வெகுநேரம் நின்று, வியர்த்து, கண் இருட்டி விழுந்தால் பெரும்பாலும் பயமில்லை. உட்கார்ந்த இடத்தில் சட்டென்று சாய்ந்தால் இதயத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு மானிட்டரில் போடச் சொன்னார்.

நாற்பதாவது நிமிடம் திரையில் கோடு நேராக ஓடியது. ஏழு நொடி. சிஸ்டர் நெஞ்சை அழுத்தத் தொடங்கியதும் துடிப்பு திரும்பியது. ஓட்டை விதி ஒன்றுக்காக அவளை பஸ் ஏற்றி அனுப்பியிருப்போம், படுபாவிகள் நாங்கள்.

இதயப் பிரிவுக்கு மாற்றும்போது டாக்டர் தாளில் எழுதினார்: 'விவரம் சொன்னவர்: கணவர்.' அந்த இடத்தில் அப்படி எழுதியே பழக்கம்.

சிஸ்டர் பேனாவைப் பிடுங்கி, தாள் கிழிகிற அளவுக்கு 'கணவர்' என்ற சொல்லை அடித்தார். "பக்கத்து மெஷின்ல தைக்கிறவங்கன்னு எழுதுங்க. ஒரு மணி நேரம் வாசல்ல நிறுத்தி வெச்சோம், அதையும் சேர்த்து எழுதுங்க."