அடியில் இருப்பது ஒரே கெர்னல்

ஆண்ட்ராய்டு போன் வந்த புதிதில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் நானும் ஒரு சீனியரும் வேலை பார்த்தோம். அவர் திருநெல்வேலிக்காரர், அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நானே பேசுவேன்.

செக்கிங் டேபிளில் பெண்கள் பனியனில் கண்டுபிடிக்கும் ஓட்டை, எண்ணெய்க் கறைகளைப் போனிலேயே பதிய ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அது ஓடிய பழைய போனில் இருந்தது முழுக்கத் திறந்த லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம். எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் அதிலும் உண்டு. ஆனால் மத்தியானத்துக்குள் பேட்டரி படுத்துவிடும். ஆண்ட்ராய்டுக்கு மாறலாமா என்று முதலாளி கேட்டார்.

“ரெண்டுக்கும் அடியில ஒரே லினக்ஸ் கெர்னல்தானுங்க, போனையே ஓட்டுற மூலப் புரோகிராமுங்க. அப்படியே ஓடுமுங்க” என்றேன்.

சீனியர் ஒத்துக்கொள்ளவில்லை. “கெர்னல் ஒண்ணுதாம்மா. அதுக்கு மேல, நம்ம புரோகிராம் தொணைக்குக் கூப்பிடுற லைப்ரரி ஃபைல் எல்லாம் வேற. ஒண்ணு வாங்கி ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லலாம்.”

அவருக்குப் புதுசு என்றாலே பயம் என்று முதலாளி முன்னாலேயே சிரித்தேன். ஒரே நூலில் வழவழப்பான ஜெர்சியும் ஓட்டலாம், வரிவரியான ரிப்பும் ஓட்டலாம், துணி வேறுவேறு என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். திமிரில் நான் அதை மறந்தேன். என் பேச்சை நம்பி முதலாளி வெளிநாட்டிலிருந்து பத்துப் போன் வரவழைத்துவிட்டார்.

ஓட்டிக் காட்டும் நாளில் முதலாளி செக்கிங் டேபிளுக்கே வந்து நின்றார். புரோகிராமைப் போனில் ஏற்றியதோடு சரி, அதுவரை நான் ஓட்டிப் பார்க்கவில்லை. போனின் கீபோர்டை இழுத்துத் திறந்து புரோகிராமின் பெயரை அடித்தேன். அப்படி ஒன்று இல்லை என்றது. ஃபைல் பட்டியலைப் பார்த்தேன், கண்ணெதிரே இருந்தது. மறுபடி அடித்தேன். இல்லை என்றது.

“ஏங்கண்ணு, ஓடுதா இல்லியா?” என்றார் முதலாளி.

“ஒரு நிமிசமுங்க.” பத்துப் போனும் வீண், என் வேலையும் போயிற்று என்றே நினைத்தேன். செக்கிங் பெண்கள் கையிலிருந்த பீஸை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள்.

பின்னால் நின்ற சீனியர் காதருகே குனிந்தார். “ஃபைல் இருக்கு. அது தேடுற லைப்ரரிதான் இதுல கெடையாது. முதலாளிய டீ குடிக்கச் சொல்லு, வாரேன்.”

அவர் கம்ப்யூட்டர் அறைக்குப் போய், புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரியையும் உள்ளேயே சேர்த்து ஒரே ஃபைலாக்கிக் கொண்டுவந்தார். முதலாளி டீ குடித்து முடிப்பதற்குள் போனில் ஏற்றினோம். கெர்னல் மறுபேச்சில்லாமல் ஓட்டியது. முதல் டேபிள் அக்கா ஒரு ஓட்டையைப் பதிந்து காட்டினார்.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். “புள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்குமுன்னு எனக்குத் தெரியும்” என்றவர், சீனியர் பக்கம் திரும்பினார். “நீங்கதான் ஓடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னீங்க.”

சீனியர் என் முகத்தைப் பார்த்தார். இவர்தாங்க ஓட்டிக் கொடுத்தார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

“நாந்தாங்க தப்பா நெனச்சுட்டேன்” என்றார் அவர்.

சுருட்டி முடித்த கேபிளைப் பிரித்து, மறுபடி முதலிலிருந்து சுருட்டினேன்.