இரண்டு சுற்று

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: மரத்தின் மேலே அப்பா, கீழே சித்தப்பாவும் நானும், வீட்டுக்கார அக்கா, தொழுவத்தில் அவருடைய சினைமாடு. இல்லாதவர்கள் இரண்டு பேர். அக்காவின் வீட்டுக்காரர் மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருந்தார். என் தாய்மாமா வருசநாட்டில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். முதலாமவர் இல்லாததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மாமா இல்லாததால்தான் எல்லாம். கீழ்க்கயிறு பிடிப்பது அவர் வேலை.

வீட்டுக்கு மேலே சாய்ந்து நிற்கிற மரங்களைக் கழித்துவிடுவதுதான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு. தோட்டத்து மரமென்றால் வெட்டிப் போட்டுவிட்டு வரலாம். வீட்டு மரத்தில் கொப்பைக் கீழே விழவிடக் கூடாது, இறக்க வேண்டும். வெட்டப்போகிற கொப்பில் கயிற்றைக் கட்டி, அதற்கு மேலே ஒரு கவட்டை வழியாகக் கீழே கொண்டுவந்து, பக்கத்து மரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம். பிடிப்பது கையல்ல, அந்தச் சுற்றுதான்.

அன்றைய மரம் தூங்குமூஞ்சி. ராயப்பன்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்துத் தெரு. கொப்பு நேராகத் தொழுவத்தின் கூரைச் சீட்டுக்கு மேலே நீண்டிருந்தது. ராத்திரி பெய்த சாரலில் இலையெல்லாம் தண்ணீர். சுற்றுவதற்குப் பக்கத்தில் வாகாக ஒரு தென்னை.

கயிறு புதியது. நான் வாங்கியது. பழைய தேங்காய்நார் வடம் இற்றுப்போய்விட்டதென்று தேனிக்குப் போய் நைலான் வாங்கிவந்தேன். எத்தனை கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்ததை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் வாசித்தால் அப்பா மறுபேச்சுப் பேசமாட்டார். மாமா மட்டும் கயிற்றை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "தாங்கும்டா மாப்ள, பிடிக்குமா?" என்றார். நான் சிரித்தேன்.

"ஒங்க மாமன் அங்கன கறிச்சோத்துக்கு இலையப் பிடிச்சு உக்காந்திருப்பாக. நீ இங்கன கயித்தப் பிடி," என்றார் சித்தப்பா.

எங்களிடம் ஒரு முறை உண்டு. வாள் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் கீழே பேசுவது மேலே கேட்காது. அதனால் அதை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், கயிறு பிடிப்பவர் எத்தனை சுற்று என்று சத்தம்போட்டுச் சொல்ல வேண்டும். மாமா "சுத்து மூணேய்!" என்பார். மேலேயிருந்து அப்பா "மூணேய்!" என்று திருப்பிச் சொல்வார். அதற்குப் பிறகுதான் வாள் ஓடும். ஒன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருக்கும் எனக்கு.

நான் இரண்டு சுற்றுப் போட்டேன். நார் வடத்தில் இந்தப் பருமன் கொப்புக்கு மாமா இரண்டுதான் போடுவார், பார்த்திருக்கிறேன். போட்டுவிட்டு "ரெடிப்பா!" என்றேன்.

அப்பா ஒரு நிமிஷம் கீழே பார்த்தார். எண்ணுக்காகக் காத்திருந்திருக்கிறார். எனக்கு அது இப்போதுதான் தெரிகிறது. பிறகு மிஷினை இழுத்து ஸ்டார்ட் செய்தார்.

கொப்பு முறிந்த சத்தம் கேட்ட அதே நேரத்தில் கயிறு என் கையில் ஓடியது. பிடித்தேன், ஓடியது. இறுக்கிப் பிடித்தேன், அப்போதும் ஓடியது. உள்ளங்கையில் தோசைக்கல்லை வைத்ததுபோல் இருந்தது. சித்தப்பா பாய்ந்து வந்து எனக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்து மல்லாந்து விழுந்தார். அவர் கனத்தில்தான் நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். கொப்பு தொழுவத்துச் சீட்டுக்கு மேலே ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. போகிற போக்கில் அதன் கிளை ஒன்று அப்பாவை மரத்தோடு கட்டியிருந்த இடுப்புக்கயிற்றில் மாட்டியிருந்தது. அப்பா ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு பாதி குனிந்து நின்றார். மிஷின் அதன் கயிற்றில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. நான் விட்டால் கொப்பு போகும். கொப்பு போனால் அப்பாவும் போவார்.

"ஏலே, எத்தன சுத்து?"

"ரெண்டுப்பா."

அப்பா தென்னையில் இருந்த சுற்றைப் பார்த்தார்.

"இன்னொரு சுத்துப் போடட்டுமாப்பா?"

"கயித்த இளக்காம எப்பிடிறா போடுவ? அசையாம நில்லு."

அவர் இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்தார். முடிச்சு இறுகிவிட்டது, அவிழ்க்க முடியாது. இடுப்புக்கயிற்றை அறுப்பதுதான் வழி. அறுத்துவிட்டால் அந்த ஈரமரத்தில் அவருக்குப் பிடிமானம் இரண்டு கைகள் மட்டும்.

அப்போதுதான் மாடு கத்தியது.

"அண்ணே, மாடு உள்ள நிக்கிது!" என்றார் அக்கா.

"போகாத ஆத்தா! தலைக்கு மேல தொங்குது!" என்று கத்தினார் சித்தப்பா.

"எட்டு மாசச் சினைண்ணே. நீங்க கயித்தப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, நான் மாட்டப் பிடிச்சிட்டு வாறேன்."

போயேவிட்டார். என் தலையெல்லாம் வியர்வை. கயிறு ஒரு விரற்கடை நகர்ந்தது. உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "வா தங்கம், வாடி, ஏ மூதேவி, வாடி!" மாடு வரவில்லை. மறுபடி ஒரு விரற்கடை. அப்பாவின் இடுப்பு அந்த அளவுக்குக் கீழே வளைந்ததைப் பார்த்தேன்.

"சித்தப்பா, கை வழுக்குது."

"எனக்கு மட்டும் என்ன, பசை போட்டிருக்காகளா? பிடிடா." சிரிக்கவைக்கப் பார்த்தார். அவர் பல் கிட்டித்திருந்தது.

மாடு ஒருவழியாக வெளியே வந்தது. அவசரமே இல்லாமல், வாசலில் நின்று சாணி போட்டுவிட்டு வந்தது. அக்கா அதன் வயிற்றில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வேலியோரம் போனார்.

அப்பா ஒரே வெட்டில் கயிற்றை அறுத்தார். அறுத்த வேகத்தில் உடம்பு பின்னால் போய், திரும்ப வந்து மரத்தில் மோதியது. இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டார். முகம் பட்டையில் அழுந்தியிருந்தது.

"விடு!"

என்னால் விட முடியவில்லை. சொன்னால் நம்பமாட்டார்கள். பிடிக்க முடியாமல் தவித்த கை, விடச் சொன்னபோது திறக்கவில்லை.

"விடுறான்னா! கொப்பு ஆடி என் கால்ல அடிக்கிது!"

சித்தப்பா தன் பிடியை விட்டுவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். தென்னையில் கயிறு சீறிக்கொண்டு சுற்றியது. கொப்பு தொழுவத்தின் மேல் விழுந்த சத்தத்துக்கு எதிர்வீட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். சீட்டுத் தூசி அடங்கின பிறகு முதலில் தெரிந்தது அப்பாவின் கால். பாதம் பாதமாகத் தடவி இறங்கிக்கொண்டிருந்தது.

தரைக்கு வந்ததும் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னிடம் வரவில்லை. நேராக அக்காவிடம் போனார்.

"எங்க தப்புத்தான் ஆத்தா. எங்க வீட்டுப் பயதான் சுத்த எண்ணிச் சொல்லல. நானும் கேக்காம மிஷின ஓட்டிட்டேன். தொழுவத்த நாங்களே போட்டுத் தாறோம்."

"மாடு பிழைச்சது போதும்ணே," என்றார் அக்கா. தொழுவத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆனா சீட்டு நாலும் போச்சே," என்றார்.

"போட்டுத் தாறோம்னுட்டேன்ல."

பேசிய கூலியை அப்பா கேட்கவில்லை. எங்கள் ஊர் தேவாரத்துக்குத் திரும்பினோம். மறுநாள் மாமா வந்தார். என் கைக்கட்டைப் பார்த்தார், தென்னம்பட்டை உரசிப் பச்சைக் கயிறு பழுப்பாகியிருந்த இடத்தைத் தடவினார். "நைலான் வழுக்கும்டா. நாலு போட்டிருக்கணும்," என்றார். அவ்வளவுதான். அடுத்த மரத்துக்கு அந்தக் கயிற்றை என்னிடமே கொடுத்தார்கள். என் கைக்கட்டை இன்னும் பிரித்திருக்கவில்லை. நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி "சுத்து நாலேய்!" என்றேன். மேலேயிருந்து "நாலேய்!" என்று வந்த பிறகுதான் மூச்சை விட்டேன்.

சீட்டு நாலுக்கு மூவாயிரத்து எண்ணூறு. முறிந்த சட்டத்துக்கு ஆயிரத்து நூறு. ஆசாரிக்கு ஆயிரத்து இருநூறு. என் கைக்கு மருந்தும் கட்டும் அறுநூறு. ஆக மொத்தம் ஆறாயிரத்து எழுநூறு ரூபாய்.