ஒக்ஸ்போர்டில் ஒரு மத்தியானச் சாப்பாடு

மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒக்ஸ்போர்டில் அந்தக் கல்லூரிக்குள் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். சனிக்கிழமைகளில் நாலு மணி வரைக்கும் வெளியாட்களை உள்ளே விடுவார்கள் என்று அவளே தேடி அறிந்து வைத்திருந்தாள். லண்டனில் பிளேஸ்டோவிலிருந்து காலையில் வெளிக்கிட்டால் ஆறுதலாகப் பார்த்திருக்கலாம், என் கணவர் அவ்வளவு நல்ல மனிதராக இல்லாமல் இருந்திருந்தால்.

காரில் ஏறும்போதுதான் சொன்னார். அவருடைய பெரியம்மாவின் மருமகனுக்குத் தம்பி ஒருவர் அங்கே இருக்கிறாராம். “அந்த ஊருக்குப் போயிட்டு அவையின்ர வீட்டை எட்டிப் பாக்காமல் வந்தால் என்ன நினைப்பினம்? நான் ராவே போன் எடுத்துச் சொல்லிப்போட்டன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தம்பியை நாங்கள் கடைசியாகக் கண்டது யாருடையவோ கலியாண வீட்டில். அன்றைக்கும் பேசவில்லை.

“முதல் கொலிஜ், பிறகு வீடு,” என்றேன்.

“வீடு போற வழியிலதான். தலையைக் காட்டிப்போட்டு உடன வெளிக்கிடுவம்.”

வெறுங்கையோடு போவது மரியாதையில்லை என்று ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற பழக்கடைக்குக் காரைத் திருப்பினார். ஒரு பெட்டி மாம்பழத்துக்காக அங்கிருந்த எல்லாப் பெட்டிகளையும் திறந்து அமத்திப் பார்த்தார். அதிலேயே காலை போய்விட்டது.

தலையைக் காட்டிவிட்டு வெளிக்கிடுவது எங்கள் ஆட்களிடம் நடக்கிற காரியமா? மேசை நிறையப் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் இறால் பொரியலும் இருந்தன. பால் விடாத ஒரு பிளேன்ரீ போதும் என்றேன். “என்ன கதை கதைக்கிறியள்! விடியவே எழும்பிச் சமைச்சனான்,” என்று அந்த வீட்டு அக்கா சொன்ன பிறகு எப்படி எழும்புவது? மனம் நிறையத்தான் பரிமாறினார். அதனால் கோபிக்கவும் வழியில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ரோல்ஸ் வந்தது. பிறகு அவர்களுடைய மகளின் கலியாண அல்பம் வந்தது. என் மகள் மேசைக்குக் கீழே போனில் நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தாள். நான் கணவரின் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அப்போதுதான் வீட்டுக்காரர், “பிள்ளைக்கு இடம் கிடைச்சா ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. மேல அறை சும்மாதான் கிடக்குது. எங்களோட இருந்து படிக்கட்டும்,” என்றார்.

பிள்ளையை எப்படித் தனியே விடுவது என்று மாதக்கணக்காய் நித்திரையில்லாமல் புரண்ட மனிதர் என் கணவர். “பெரிய உதவி அண்ணை,” என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் மேலே ஏறிப் போய் அறையைப் பார்த்தோம். புதுப் பெட்ஷீட் விரித்திருந்தது. அலுமாரியையும் திறந்து காட்டினார்கள். மகள் அறைக்குள் காலே வைக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கல்லூரிக்குப் போனபோது பெரிய கதவு சாத்தியிருந்தது. சின்னக் கதவில் நின்ற காவலாளி மிகப் பணிவாக மன்னிப்புக் கேட்டார். அவருடைய தோளுக்கு மேலால் ஒரு துண்டுப் புல்வெளி தெரிந்தது. மகள் அதைப் படம்கூட எடுக்கவில்லை.

“பரவாயில்லை, அடுத்தமுறை அவையின்ர வீட்டில ஒரு இரவு தங்கிப் பாப்பம்,” என்றார் கணவர்.

மிச்ச இறைச்சிக் கறி ஐஸ்கிரீம் டப்பாவில் என் மடியில் இருக்க, லண்டனுக்குத் திரும்பினோம். பக்கத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் மெதுவாகக் கேட்டாள்.

“அம்மா, எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லாத யூனிவர்சிட்டி எது?”

உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

முன்னாலிருந்து கணவரின் குரல் அன்போடு வந்தது. “பயப்பிடாதை பிள்ளை. எங்க போனாலும் அப்பா ஆரையாவது தேடிப் பிடிப்பன்.”