சரோஜா அக்காவின் தப்பு விடைகள்

"நமது மூத்த கற்றல் வழிகாட்டுநர் மறைந்தார்" என்று போன வாரம் ஒரு காலையில் பள்ளிக் குழுவில் செய்தி வந்தது. யாரென்று விளங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நம் சரோஜா அக்கா! ஆயுசு முழுக்கக் கணக்கு டீச்சராக இருந்தவரைக் கடைசிச் செய்தியிலாவது அப்படிச் சொல்லியிருக்கலாம்.

புனே ஹடப்சர் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், புதுப் பெயர் என்றாலே அக்காவுக்கு ஆகாது. கம்ப்யூட்டர் கிளாஸ் ஈ-லேர்னிங் ஆயிற்று, பிறகு ஸ்மார்ட் கிளாஸ், இப்போது ஏஐ. கருவியை விற்க வந்தவர் பேசி முடித்ததும் அக்கா என் பக்கம் சாய்வார். "பேருதாம்மா புதுசு, உள்ள இருக்கிற மால் அதே மால்தான்" என்பார், மராத்தி கலந்த போபோடித் தமிழில்.

அப்புறம் மாணவி மாதிரி அதன் முன் உட்கார்ந்து வேண்டுமென்றே தப்புத் தப்பாக விடை போடுவார். ஒரு கருவி ஒவ்வொரு தப்புக்கும் "அருமையான முயற்சி!" என்று நட்சத்திரம் கொடுத்தது. "அரே, பாரும்மா! பிள்ளைக்குப் புரியலன்னு இதுக்குத் தெரியவே இல்ல" என்று சிரித்தார். விற்க வந்தவர் சிரிக்கவில்லை.

பிறகு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற பாடத்தைத் தானே கொடுக்குமென்று 'தனிவழிக் கற்றல்' வந்தது. ஒன்பதாம் வகுப்பு ரேஷ்மாவுக்கு மாதக்கணக்கில் பின்னக் கணக்கு மட்டுமே திரையில் வந்தது. அல்ஜிப்ரா எட்டிப் பார்க்கவே இல்லை. அடுத்த வருடம் அவள் பொதுத்தேர்வு எழுத வேண்டும். "அவளுக்கேற்ற வேகம்" என்றார் முதல்வர். அக்கா நம்பவில்லை. அவளைப் போலவே ஒவ்வொரு கணக்கையும் தாளில் போட்டுச் சரிபார்த்து, நிதானமாகச் சரியான விடையே கொடுத்தார். விடை சரியாக இருந்தும், நேரம் எடுத்துக்கொண்டார் என்று கருவி அவரையும் மேலே ஏற்றவில்லை. முதல்வரை அழைத்து வந்து காட்டினார். "சார், நானும் பின்னத்துலயேதான் நிக்கிறேன். என்னை என்ன செய்யப் போறீங்க?" என்று மராத்தியில் கேட்டார்.

அன்றே ரேஷ்மா அக்காவின் கரும்பலகைக்குத் திரும்பினாள். இந்த வருடம் கணக்கில் தேறியும் விட்டாள். ஆனால் அதற்குப் பிறகுதான் எங்கள் எல்லோரையும் 'வழிகாட்டுநர்' ஆக்கினார்கள். டீச்சர் என்றால் கேள்வி கேட்பார்கள் என்று பயமோ என்னவோ.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சந்தேகத்தைத்தான். நேற்று 'கற்றல் தோழன்' என்று இன்னொரு கருவி வந்தது. விற்க வந்த ஆள் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பக்கத்தில் சாய்ந்து முணுமுணுக்க யாரும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் கேள்விக்கே தப்பு விடை போட்டேன்.